மைனஸ் நாற்பது டிகிரி ஜீவனஹள்ளி

கார் ஏசி குளிரவில்லை என்று பெங்களூரில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே வைத்தியம்தான்: கேஸ் இல்லை. பெல்ட் அறுந்து தொங்கினாலும் முதலில் கேஸ் பிடித்துப் பார்ப்பார்கள். ஜீவனஹள்ளியில் இத்தனை வருடமாக ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருக்கும் உங்கள் அப்பா மட்டும் அப்படி இல்லை என்று உங்கள் இரண்டு பேரிடமும் பலமுறை பெருமை அடித்திருக்கிறேன். அந்தப் பெருமையில் சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், சனிக்கிழமை காலையில், பொம்மனஹள்ளியில் இருந்து ஒரு டிரைவர் வந்தார். எனக்குப் பழக்கமானவர்தான். ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனிக்குச் சொந்த வண்டியில் ஆட்களை ஏற்றி இறக்குகிறார். பூஜைக்கு மறுநாளில் இருந்து ஏசி வேலை செய்யவில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வண்டியை ரூட்டில் இருந்து தூக்கிவிடுவேன் என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அந்த ரூட்டை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு கடை பார்த்தாகிவிட்டது. முதல் கடையில் கேஸ் பிடித்தார்கள். இரண்டாவது கடையில் அதைத் திறந்துவிட்டு 'நல்ல கேஸ்' பிடித்தார்கள். அப்புறம் கம்ப்ரஸரே போச்சு என்று கையை விரித்துவிட்டார்கள்.

நான் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். கேஸ் தாராளமாக இருந்தது. பேட்டரியில் இருந்து கம்ப்ரஸருக்கு நேராக ஒரு வயர் கொடுத்தேன். டக்கென்று பிடித்துச் சுற்றியது. கம்ப்ரஸருக்கு ஒரு நோயும் இல்லை. அதை ஓடச் சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர்தான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்க ஸ்கேனரை மாட்டினேன். வெளியே வெப்பம் மைனஸ் நாற்பது டிகிரி என்று காட்டியது.

நம் ஊர் குளுகுளு ஊர் என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு வண்டியே பீற்றிக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பக்கத்தில் நின்ற இன்னொரு காரில் மாட்டினேன். அங்கே இருபத்தாறு என்று ஒழுங்காகச் சொன்னது. அப்போதும் நான் நம்பவில்லை. எட்டாவதோடு நிறுத்தியவனுக்கு இது ஒரு வசதி, மெஷின் சொல்வது பிடிக்காவிட்டால் மெஷினே பொய். கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடுகிற ரிலேயை மாற்றினேன். கேஸ் அழுத்தத்தைப் பார்க்கிற சென்சாரை மாற்றினேன். மத்தியானம் வரை இந்தப் புத்திசாலித்தனம் நடந்தது.

சாப்பிடும்போதுதான் உறைத்தது. வண்டிக்கு மூளை கெடவில்லை. வெளியே பனி உறைகிற குளிர் என்றால் ஏசியை ஓட்டக் கூடாது, கம்ப்ரஸர் கெட்டுவிடும். அதனால் கம்ப்யூட்டர் பொறுப்பாகத் தடுக்கிறது. வெளி வெப்பத்தைச் சொல்கிற சென்சார் முன் கிரில்லுக்குப் பின்னால், மொச்சைக்கொட்டை அளவில் இருக்கும். அதன் வயர் அறுந்தால் கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும்.

கிரில்லைக் கழற்றினேன். வயர் அறுந்துதான் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு துண்டு கட்டுக்கம்பி. கம்பியில் காய்ந்த வாழைநார்.

பூஜை அன்று என் கடைக்கு வந்த எல்லா வண்டிகளுக்கும், இவர் வண்டிக்கும் சேர்த்து, முன்னால் வாழைக்கன்று கட்டிவிட்டது நான்தான். எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம், கட்டிங் பிளேயர் வைத்து முறுக்கிவிட்டேன். இவர் மறுநாள் கன்றைப் பிடுங்கியபோது சென்சார் வயரும் அதோடு அறுந்திருக்கிறது.

டிரைவர் கொஞ்சம் தள்ளி நின்று, “இன்னாணா ஆச்சு? யார் வேல இது?” என்றார்.

கம்பியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, “எலி” என்றேன்.

எங்கள் தொழிலில் எலி பெரிய உபகாரி. எந்தப் பழியைப் போட்டாலும் திரும்பி வந்து சண்டை போடாது. வயரை ஒட்டவைத்து டேப் சுற்றினேன். ஏசி ஜில்லென்று அடித்தது. டிரைவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, “ரெண்டு கடைக்காரனும் ஏமாத்திட்டான். நீ ஒருத்தன்தாணா உள்ளத சொன்ன” என்றார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

புதன்கிழமை மறுபடி வந்தார். கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தது. எலிக்குப் பயந்து பானெட்டுக்குள், காற்று உள்ளே போகிற வாய் பக்கம், ஒரு பாக்கெட் பாச்சை உருண்டையைக் கொட்டி வைத்திருந்தார். நான் சரி செய்த ஏசி அந்த நாற்றத்தையும் நன்றாகக் குளிரவைத்து உள்ளே அனுப்பியது. வண்டியில் வந்த பெண்களுக்குத் தலைவலி. அன்று சாயங்காலம் வண்டி ஒழுங்காக இல்லாவிட்டால் ரூட் வேறு ஆளுக்கு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

“எலிக்கு வேற எதனா மருந்து இருந்தா சொல்லுணா” என்றார்.

எலி செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டே, “எலியே இல்லப்பா. வாழக்கன்னு கட்டுனப்ப நான்தான் வயரையும் சேத்து முறுக்கிட்டேன்” என்றேன்.

அவர் குனிந்து கிரில்லுக்குள் டேப் சுற்றிய வயரைத் தொட்டுப் பார்த்தார்.

“அவனுங்களாச்சும் கேஸ் புடிச்சதோட வுட்டானுங்க. நீ வண்டிய கெடுத்து, நீயே ரிப்பேர் பண்ணி, என்கிட்ட கும்புடும் வாங்கிக்கினியே.”

ஏசி ஃபில்டரை மாற்றி, கதவுகளைத் திறந்துவைத்து, சாயங்காலம் வரை ஃபேனை ஓடவிட்டேன். அப்புறம் நானும் அவரோடு ஓசூர் ரோடு போனேன். சூப்பர்வைசரிடம், தப்பு டிரைவருடையது இல்லை, என்னுடையது என்று நின்று சொன்னேன். அவர் வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். ரூட்டை எடுக்கவில்லை. டிரைவர் என்னை அங்கேயே விட்டுவிட்டு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். ஏன்ப்பா லேட் என்று கேட்டீர்கள். டிராபிக் என்று சொன்னேன். அன்று ரோடு காலியாகத்தான் இருந்தது.