வாட்ச்மேன் பாயில் சுற்றிக் கொண்டுவந்தது

பள்ளிப் படிப்போடு நின்ற நான் ஒருவரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலக வாட்ச்மேனுக்கு நரைத்த மீசை. சட்டைப்பையில் எப்போதும் மடித்த காகிதம்; அதில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பழகுவார். முதல் புரோகிராமை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, எங்கள் செல்போன்களுக்கு அனுப்பினார். அதற்குரிய மென்பொருள் எங்களிடம் இல்லாததால் யாருக்கும் திறக்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, பூட்டிட்டுச் சாவிய நீரே வச்சிக்கிட்டீரா?" என்றார் அலுவலக வாசல் டீக்கடைக்காரர்.

அடுத்த வாரம் சீவலப்பேரி டவுன் பஸ்ஸிலிருந்து, பாயில் சுற்றிய கம்ப்யூட்டரோடு இறங்கினார். டீக்கடை மேசையில் அதை வைத்து, "சாவி இங்கன இருக்கு. பேர அடியும் வே," என்றார் என்னிடம்.

கூச்சத்தோடு அடித்தேன். என் பெயரைச் சொல்லி 'வாங்க, வாங்க' என்றது திரை. கடையே கைதட்டியது. இந்த ஒரு வரவேற்புக்காகவா இவ்வளவு சுமை என்று இன்றும் வியக்கிறேன்.

மறுநாள் எனக்குத் தோள்வலி. அவர் ஊர் திரும்பும்போது மானிட்டரைப் பஸ் வரை சுமந்தது நான்தான்.