கரண்டியில் நிற்கும் தேநீர்

ஈப்போவிலிருந்து பஸ் ஏறி, காலை ஒன்பது மணிக்குச் சுங்கைப்பட்டாணியில் இறங்கினேன். மழை விட்டு மப்பாக இருந்தது. மருந்துக்கடையில் ஐம்பத்திரண்டு மலேசிய வெள்ளிக்கு ஒரு டின் வாங்கினேன். உள்ளே கொத்தவரை விதைப் பிசின், வெள்ளைத் தூளாக. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் கலப்பது, துணிக்குச் சாயம் அச்சடிக்கும் ஆலைகளிலும் உண்டு. நான் வாங்கியது சண்முகத்துக்கு. பாலிங் தோட்டத்தில் என்னோடு ரப்பர் மரம் சீவியவன். பக்கவாதம் வந்தபின் குடிக்கும் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடுகிறது. இந்தத் தூளைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

அவன் இப்போது இருக்கும் புக்கிட் செலம்பாவ் தோட்டத்துக்குக் கார் இருபது வெள்ளி.

"அங்க யாருண்ணே இருக்கா பார்க்க? பாதி வீடு பூட்டித்தான் கிடக்கு லா" என்றார் ஓட்டுநர்.

சண்முகத்தின் மனைவி ராஜம்மா வாசலிலேயே டின்னை வாங்கிக்கொண்டார். "நேத்தே தீந்துபோச்சுண்ணே. கஞ்சிய வச்சு ஓட்டிட்டேன்."

எனக்கு ஒரு கிளாஸ் தேநீர். மேசைக்கு எதிரே இருந்த சண்முகத்தின் கிளாஸில் தூளைப் போட்டுக் கலக்கிக் காத்திருந்தார். கரண்டியைச் சாய்த்தால் தேநீர் வழியவில்லை, நின்றது.

"ஆசிட் ஊத்துன ரப்பர் பாலு மாதிரியே இருக்கு பாரு. மெஷின்ல விட்டா ஷீட்டு எடுத்துடலாம்" என்றான். நாக்குக் குழறினாலும் புரிந்தது. நான் சிரித்தேன். ராஜம்மா சிரிக்கவில்லை.

"போன மாசம் எனக்குத் தெரியாம பச்சத் தண்ணி குடிச்சாரு. நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில கிடந்தாரு. இன்னொரு தடவ வந்தா தாங்காதுன்னுட்டாங்க."

தூறல் விழவும் கொடித்துணியை எடுக்க ஓடினார். சண்முகத்தின் நல்ல கை மேசைமேல் நகர்ந்து என் கிளாஸைத் தொட்டது.

"ஒரே வாய்டா."

கிளாஸை இழுத்துக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டின்னைத் திறந்து என் தேநீரிலும் ஒரு கரண்டி போட்டேன்.

"என்னடா பண்ற?"

"நானும் இதையே குடிக்கிறேன்."

"கிறுக்குப் பயலே! உன் தொண்டைக்கு என்ன கேடு? ராஜம்மா, இவனுக்கு வேற டீ கொண்டா!"

வந்தது. "இப்பக் குடி. நல்லா உறிஞ்சிக் குடி. சத்தமாவது கேக்கட்டும்" என்றான்.

உறிஞ்சினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். என் ஒவ்வொரு மடக்குக்கும் அவன் தொண்டை ஏறி இறங்கியது. கிளாஸ் காலியாகும்வரை ராஜம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். முச்சந்திக் கடையில் ஒன்றரை வெள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். ஈப்போவில் என் அறையில் குழாயடியில் கையேந்திக் குடித்துவிட்டுப் போகிறவன் நான். அன்று கார் அந்தத் தோட்டத்தைத் தாண்டும்வரை பாட்டில் மூடியைத் திறக்கவில்லை.