ஜக்கம்மாள் சொன்ன "இல்லை"

எங்கள் சங்கத்து அறையில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. கோப்பை வைப்பதற்காகப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தச்சரைக் கூப்பிட்டு அடித்தது. அந்த அவசரக்குடுக்கை நான்தான், சங்கத்தின் செயலாளர்.

சாணார்பட்டிப் பக்கம் சிறுமலையைப் பார்த்த செம்மண் தரிசில், பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய துப்பாக்கிகளோடு பதினோரு பேர் தொடங்கிய சங்கம் இது. இயந்திரம் தட்டை வானத்தில் வீசும். பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். களிமண் தட்டு என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து வார்த்தது. ஊரில் எங்களுக்குக் காக்கா விரட்டும் சங்கம் என்று பெயர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் என் முன்னால் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்து வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாளை, உடையாமல் விழும் தட்டுகளைப் பொறுக்கக் கூலிக்குக் கூப்பிட்டோம். தட்டு வெளியூரிலிருந்து லாரியில் வர வேண்டும். ஒன்றைக்கூட வீணாக்க மனம் வராது. வந்த முதல் வாரமே, தரையை வெங்காயத்துக்கு உழுகிற மாதிரி புழுதியாக உழுது போட்டால் தட்டு முழுசாகக் கிடைக்கும் என்றார். உழுதோம். பாதித் தட்டு பிழைத்தது. எட்டாவது படித்த அந்த அம்மாளுக்குத் தோன்றியது பதினோரு விவசாயிகளுக்குத் தோன்றவில்லை.

அப்போது எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. தட்டு உடையாவிட்டாலும், தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளில் ஒன்றாவது துளைத்திருந்தால் ஒரு புள்ளி. துளைத்ததா, உரசியதா என்று பார்க்க ஜக்கம்மாள் கொண்டையில் ஓர் ஈர்க்குச்சி செருகியிருப்பார். குச்சி மறுபக்கம் வந்தால் ஒன்று. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதுதான் வேதம்.

பிறகு ஸ்ரீமதி வந்தாள். நத்தத்தில் கால்நடை மருத்துவர். எங்களில் அவள் மாதிரி சுடுகிறவர் யாரும் இல்லை. ஜக்கம்மாளின் கண்கூர்மையைக் கவனித்து, நடுவர் தேர்வு எழுதச் சொன்னவள் அவள்தான். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். சென்ற மார்கழியில், இரண்டாவது தடவையில் ஜக்கம்மாள் தேறினார். அன்று நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்?

சென்ற தை மாதம் மண்டலப் போட்டியை எங்கள் மைதானத்தில் நடத்தினோம். பதினைந்து வருடத்தில் ஒரு கோப்பையும் வாங்காத சங்கம். அன்று எல்லாம் கூடி வந்தது. கடைசியில் ஸ்ரீமதியும் திருச்சிப் பெண் ஒருத்தியும் சமநிலை. இனி ஆளுக்கு ஒரு தட்டு, தவறவிட்டவர் தோற்றவர். நடுவர் இடத்தில் ஜக்கம்மாள். எங்கள் ஊர்க்காரரே நடுவரா என்று திருச்சிக்காரர்கள் காலையிலேயே முணுமுணுத்திருந்தார்கள்.

திருச்சிப் பெண் உடைத்தாள். ஸ்ரீமதி சுட்டாள். தட்டிலிருந்து தூசி கிளம்பியது. ஆனால் தட்டு முழுசாகப் பறந்துபோய்ப் புழுதியில் இறங்கியது.

"இல்லை" என்றார் ஜக்கம்மாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் ஓடினேன். அறுபது வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. விழுந்த இடம் கண்ணில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன்: மூன்று ஓட்டை. போட்டிக்குப் போட்டதெல்லாம் புதுத் தட்டு, பழைய ஓட்டையாக இருக்க வழியில்லை. கொடி பிடித்த மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"ஏத்தா, மூணு ஓட்டை. எங்க ஈர்க்குச்சி? விட்டுப் பாரு."

அவர் என் கையிலிருந்த தட்டைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல கோட்டுக்கு வெளிய வாங்கண்ணே. நடுவர் சொல்லாம களத்துல எறங்கக் கூடாது."

இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தேன். பதினைந்து வருடமாக எண்ணிய ஓட்டைக்கு இன்று மட்டும் ஏன் கணக்கில்லை என்று கத்தினேன். நீ யார் சோற்றைத் தின்கிறாய் என்கிற பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, பாதியில் விழுங்கிவிட்டேன்.

"ஓட்டை இருக்குண்ணே. உடையல. ஒரு துண்டாவது தனியா விழுகணும்" என்றார். குரல் உயரவில்லை. "ஈர்க்குச்சிய சான்றிதழ் வந்த அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்."

ஸ்ரீமதி துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை உருவினாள். நடுவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகப் போய்த் திருச்சிப் பெண்ணுக்குக் கை கொடுத்தாள். அதற்குமேல் எனக்கு என்ன வேலை?

கோப்பை திருச்சிக்குப் போனது. இரண்டு வாரம் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனேன். ஜக்கம்மாள் வழக்கம்போல வரவேற்று மோர் கொடுத்தார். நான் சுட்ட ஒரு தட்டு தூசி பறக்க முழுசாக இறங்கியது. அவர் வாயைத் திறக்கும் முன்பு நானே "இல்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அந்த மூன்று ஓட்டைத் தட்டு இப்போது தேக்குப் பலகையில் இருக்கிறது. கீழே பெயின்டரை வைத்து எழுதியிருக்கிறேன்: 'இல்லை. நடுவர் ஜக்கம்மாள், சாணார்பட்டி.' பார்க்க வருகிறவர்கள் கோப்பை எங்கே என்று கேட்டால், அந்தத் தட்டை எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.