மேஜரின் மூன்று பட்டைகள்

மேஜர் ஒருநாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். அவர் நேரில் பார்த்த போர் என்றால், லிஃப்ட் கதவைச் சரியாகச் சாத்தாததற்காக நாலாவது மாடிக்காரருக்கும் ஐந்தாவது மாடிக்காரருக்கும் மூண்ட போர்தான். ஆனாலும் குளிர் தொடங்கிவிட்டால் போதும், அவர் தோளில் பழைய காலத்து ராணுவ ஜாக்கெட் ஒன்று ஏறிவிடும். விமானிகள் போட்ட தோல் ஜாக்கெட், கடற்படையின் கனத்த கம்பளிக் கோட்டு, காலாட்படையின் பச்சை ஜாக்கெட் என்று ஆறு உருப்படி வைத்திருந்தார். கம்பெனியில் யாரோ கிண்டலாக மேஜர் என்று கூப்பிடப் போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது வாட்ச்மேன் முதல் மாமியார் வரை எல்லோருக்கும் அவர் மேஜர்தான்.

ஆறுமே நகல். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. அசல் யானை விலை, குதிரை விலை. அதோடு அந்தக் காலத்து வீரர்கள் எல்லாம் ஒல்லிக்குச்சிகள் போலிருக்கிறது, அசல் எதுவும் இவர் தொப்பையைத் தாண்டி மூடாது. “எவனோ போட்டுக் கிழிச்சதுக்கு மூணு மாசச் சம்பளத்தைக் கொடுக்கணுமா? அதே வெட்டு, அதே துணி, என் அளவுக்கு, மூணு நாள் சம்பளத்துல வீட்டுக்கே வருது” என்பார். பார்சல் வந்த அன்று வேறு வேலை ஓடாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பை மூடியின் சாய்வு சரியா, பொத்தானுக்கு எத்தனை துளை என்று துருவித் துருவிப் பார்ப்பார்.

“கல்யாணத்தன்னிக்கு என் மூஞ்சியைக்கூட நீங்க இவ்வளவு உத்துப் பார்க்கலை” என்பாள் மனைவி.

“உன்னைத் திருப்பி அனுப்ப முடியாதே. இதுக்குப் பத்து நாள் டைம் இருக்கு.”

அவருக்கு ஒரே ஒரு வைராக்கியம் உண்டு. நகல் ஜாக்கெட்டுகளில் சிலது பதவிப் பட்டை, படைப்பிரிவுச் சின்னம் எல்லாம் தைத்தே வரும். வந்ததும் முதல் வேலையாகப் பிளேடை எடுத்து அவற்றைப் பிரித்துவிடுவார். ஜாக்கெட் காசு கொடுத்து வாங்கியது, பட்டை அப்படியில்லை என்பது அவர் கணக்கு. பட்டையைப் பிரித்த பிறகு ஜாக்கெட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் காலரையும் முழங்கையையும் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் இரண்டு வாரம் காயப்போடுவார். புதுத்துணி மினுமினுப்பு போய், நாற்பது வருடம் பழசான களை வந்துவிடும்.

ஏழாவது உருப்படியில்தான் மனிதர் சொதப்பினார். அன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலைக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால், பட்டையைப் பிரிக்காமலே ஜாக்கெட்டை ஊறவைத்து வெயிலில் போட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்து பிரித்தார். சட்டை முழுக்க நரைத்த பச்சை. இரண்டு கைகளிலும் பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கரும்பச்சையாக, மூன்று அம்புக்குறிபோல் பளிச்சென்று தெரிந்தது. தப்புச் செய்து பட்டை பறிக்கப்பட்ட சிப்பாயின் சட்டை எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே இருந்தது. மேஜர் தலையில் அடித்துக்கொண்டு, தடமும் வெளுக்கட்டும் என்று அதை மறுபடி மொட்டைமாடிக் கொடியில் போட்டார்.

அந்த வாரம்தான் மகள் விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவனுடைய அப்பா அம்மா பார்க்க வருகிறார்கள்.

“அவங்க அப்பா இருபத்தி நாலு வருஷம் பட்டாளத்துல இருந்தவர்ப்பா. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. போலி, பீத்தல்னாலே அவருக்கு ஆகாதாம். தயவுசெஞ்சு அன்னிக்கு மட்டும் அந்தச் சட்டை எதையும் போட்டுக்கிட்டு நிக்காதீங்க.”

“நான் என்ன பைத்தியமாம்மா?” என்றார் மேஜர். ஒரே மகள். அவள் முகத்தில் இப்படி ஒரு பயத்தை அவர் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு பார்த்ததில்லை. ஆறு ஜாக்கெட்டையும் தானே பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மூன்றரைக்கே தயாராகிவிட்டார்.

நாலு மணிக்கு மகளுடைய போன் அடித்தது. பையன்தான். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்றான்.

ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனிதருக்கு வீட்டு லிஃப்ட் வைத்த ஆப்பு! மேஜர் படிகளில் தாவி மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடினார். உள்ளே எங்கே கை வைத்தாலும் கிரீஸ். வெள்ளைச் சட்டை பாழாகிவிடுமே என்று திரும்பியவர் கண்ணில் கொடியில் தொங்கிய ஜாக்கெட் பட்டது. இழுத்து மாட்டிக்கொண்டார். மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். மறுபடி படியிறங்கி ஓடி, சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

வியர்த்துப்போன அம்மா, பையன், கடைசியாக முதுகு நிமிர்ந்த அப்பா. வெளியே வந்ததும் அவர் கண் நேராக மேஜருடைய கைமேல் போய் நின்றது. போதாததற்கு எதிர்வீட்டு அம்மா வேறு, “நம்ம மேஜர் இருக்கறப்போ என்ன பயம்!” என்று அடியெடுத்துக் கொடுத்தார்.  பையனின் அப்பாவுக்கு முகம் இறுகியது.

அப்போதுதான் மேஜருக்குத் தான் போட்டிருப்பது என்னவென்று உறைத்தது. எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு படி ஏறுகையில் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். இனி கழற்றி என்ன?

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

“எந்த யூனிட்டு நீங்க?” என்றார் பையனின் அப்பா.

மகள் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஏதாவது ஒரு யூனிட் பேரைச் சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று மேஜருக்கு ஒரு கணம் தோன்றியது. பத்து யூனிட்டின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பொய் சொல்ல மனசு வரவில்லை.

“நான் பட்டாளத்துலயே இருந்ததில்லைங்க. லிஃப்ட் மெக்கானிக். மேஜர்ங்கறது இவங்க வச்ச பட்டப்பேரு. இது காப்பி ஜாக்கெட். மலிவா வாங்கினது.”

“அப்போ அந்தப் பட்டை?”

“தைச்சேதான் வந்துச்சு. அது ரத்தம் சிந்தி வாங்கினவங்களோடது. நான் போட்டுக்கிட்டுத் தெருவுல போனா அது திருட்டு. அதனால எப்பவும் பிரிச்சுடுவேன். இந்தத் தடவை வெயில்ல காயப்போட்ட அப்புறம் பிரிச்சுத் தொலைச்சுட்டேன். தடம் விழுந்துருச்சு.”

பையனின் அப்பா கையை நீட்டினார். மேஜர் ஜாக்கெட்டைக் கொடுத்தார். அவர் அதை மடியில் விரித்து, கரும்பச்சைத் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக மேலும் கீழும் தடவினார். வெகுநேரம் தடவினார்.

“என் கையிலயும் இப்படித்தான் இருந்துச்சு. எட்டு மாசம்” என்றார்.

பையன் நிமிர்ந்து பார்த்தான்.

“காவல் வேலையில தூங்கிட்டேன். பட்டையைப் பிடுங்கிட்டாங்க. வேற சட்டை தரலை. அந்தத் தடத்தோடவே சாப்பாட்டு வரிசையில நிக்கணும். எல்லாரும் முகத்தைப் பார்க்க மாட்டாங்க, கையைத்தான் பார்ப்பாங்க. மை தடவிப் பார்த்தேன், போகலை. எட்டு மாசம் கழிச்சுத் திரும்பக் கிடைச்சுது.” மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார். “இவன்கிட்ட இதைச் சொன்னதில்லை. இவங்கம்மாவுக்கும் தெரியாது.”

“எனக்கு எப்படித் தெரியாமப் போகும்?” என்றார் அந்த அம்மா. “திரும்பத் தைச்சுக் கொடுத்தது யாரு? புதுத் தையலுக்குக் கீழ பழைய தடம் இருந்தா எனக்கு விளங்காதா?”

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது வருடத்துப் பாரம் இறங்கியது கண்கூடாகத் தெரிந்தது. பையன் எழுந்துபோய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். எல்லோரும் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்கள்.

“நல்லாத்தான் தைச்சிருக்கான்” என்று ஜாக்கெட்டைப் புரட்டினார் அவர். “எங்களோடதை ரிட்டயர் ஆகும்போது திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டோம். இது மாதிரி எனக்கு ஒண்ணு வரவழைச்சுத் தர முடியுமா?”

“தாராளமா.”

“பட்டையைப் பிரிக்காம வேணும்.”

“உங்களுதை நான் எதுக்குங்க பிரிக்கப்போறேன்?”

மேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அலமாரியைக் குடைந்து இஞ்ச் டேப்பை எடுத்து வந்தார். மார்பளவுதான் முக்கியம், அதில் தப்பினால் எல்லாம் தப்பு. டேப்பைப் பிரித்துக்கொண்டு பையனின் அப்பா முன்னால் போய் நின்றார்.

“சம்பந்தி, கையைத் தூக்குங்க” என்றார்.

அந்த வார்த்தையை வீடு முழுக்கக் கேட்டது. மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். பையனின் அப்பா எழுந்து நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துத் தூக்கினார்.