செபு நகரத்தில் ஓர் அர்ச்சனை

சிவகாமு அத்தை ஊர் சுற்றிப் பார்க்கத்தான் பிலிப்பைன்ஸ் போய்வந்தார் என்று சிதம்பரம் மேலவீதி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவரும் அவர்தான். உண்மையில் அவர் போனது ஒரு கல்யாணத்தை நிறுத்துவதற்கு. சொந்த மகன் சபேசனின் கல்யாணத்தை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மேலவீதியில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கிறார். வைத்திலிங்கம் மாமா இருந்தவரை அது மாமாவின் கடை என்று பெயர்ப்பலகை சொல்லிக்கொண்டிருந்தது. பலகையைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாமா காலமான பிறகு பலகையும் உண்மை பேசத் தொடங்கியது. தெருவில் போகும் புடவையைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்து, அதற்குச் சேருகிற துணி எந்த அடுக்கில் இருக்கிறது என்று அத்தை சொல்லிவிடுவார். மனிதர்களுக்கும் அவரிடம் அடுக்குகள் உண்டு. ஒருவரை ஓர் அடுக்கில் வைத்துவிட்டால் அதோடு சரி, பிறகு அவர் திருந்தினாலும் பிரயோசனமில்லை.

சபேசன் செபு தீவில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் இன்ஜினியர். அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மரிசெல் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போவதாகப் போனில் சொன்னான். "கத்தோலிக்கப் பொண்ணும்மா, ரொம்ப பக்தி" என்று ஒரு சிபாரிசும் சேர்த்துக்கொண்டான். அது எடுபடவில்லை. அத்தைக்கு அந்த மதத்தின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆவணி மாதம் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷம் தவறாமல் கடை வாசலில் மோர் கொடுக்கிறவர் அவர். ஆனால் மோர் கொடுப்பது வேறு, மருமகள் எடுப்பது வேறு.

முதலில் உள்ளூரில் முயன்று பார்த்தார். நடராஜர் சன்னதியில் சொன்னார். தில்லைக் காளிக்கு நல்லெண்ணெய் ஏற்றினார். கடலூருக்கு எங்கள் செம்மண்டலம் வீட்டுக்கு வந்த சாக்கில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரிடமும் ஒரு மனு கொடுத்தார். கல்யாண ஏற்பாடுகள் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. எந்தச் சாமியும் கைவிட்டதாக அத்தை நினைக்கவில்லை. இடம் மாற்றி மனு கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

"சிதம்பரம் தாலுகா ஆபீஸ்ல ஆகாத வேலைக்கு கடலூர் கலெக்டர் ஆபீஸ் போறதில்லையா? அந்த ஊர் விஷயத்த அந்த ஊர் சாமிகிட்டதான் சொல்லணும்" என்றார் அப்பாவிடம்.

"அதுக்கு பிலிப்பைன்ஸ் வரைக்குமா போவ?"

"மவன் இருக்கான், டிக்கெட் போடுவான். சத்யாவ கூட அனுப்பு. எனக்குத் தமிழ்தான் வரும். இவதான் இங்கிலீசும் படிச்சிருக்கா, வாயத்தான் தொறக்க மாட்டேங்குறா. அங்க வந்து தொறக்கட்டும்." சத்யா என்பது நான்.

அம்மா ஊர் பார்க்க வருகிறாள் என்று நம்பிச் சபேசன் சந்தோஷமாக டிக்கெட் எடுத்தான். தன்னைக் காலி செய்ய வருகிறவர்களுக்குத் தானே பயணச்சீட்டு எடுக்கும் பிள்ளைகள் எங்கள் குடும்பத்தில் முன்பும் உண்டு.

செபு விமான நிலையத்தில் மரிசெல் நின்றிருந்தாள். குள்ளமாக, வட்ட முகமாக, பூப்போட்ட சட்டையில். "வணக்கம் அத்தே" என்றாள். சபேசன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மாமியாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்கிற தகவலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருப்பான் போல.

"யாரு இவளுக்கு அத்த?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

அதற்குள் அந்தப் பெண் அத்தையின் வலது கையைப் பிடித்து, குனிந்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவது அங்கே இப்படித்தான் என்று சபேசன் அவசரமாக விளக்கினான்.

"கால்ல வுழுந்தா இடுப்பு வலிக்கும்னு கையோட முடிச்சிக்கிட்டாங்களா?" என்றார் அத்தை. ஆனால் ஆசீர்வாதம் என்று காதில் விழுந்துவிட்டதால், வாய் தன்பாட்டுக்கு "நல்லாரு" என்று சொல்லிவிட்டது. அதற்காகக் கார் போகும் வழியெல்லாம் கடுகடுவென்று இருந்தார்.

வெள்ளிக்கிழமை சபேசனுக்கு வேலை. தளம் தீவின் அந்தப் பக்கம், மலை தாண்டிப் போக வேண்டும். மரிசெல் லீவு போட்டுவிட்டு எங்களை ஊர் காட்டக் கூட்டிப்போனாள். அந்த ஊரிலும் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதான் விசேஷம், குழந்தை ஏசுவுக்கு அன்றைக்குத்தான் நாள் முழுக்கக் கூட்டம் என்று அவள் சொன்னதும் அத்தைக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது. பிறகு ஞாபகம் வந்து சரிசெய்துகொண்டார்.

முதலில் கடற்கரை ஓரம் ஸ்பானியர் கட்டிய கோட்டை. முக்கோண வடிவில், கையடக்கமாக, புல்வெளியும் செடியுமாகச் சுத்தமாக இருந்தது.

"எங்க கடலூர்லயும் தேவனாம்பட்டினத்துல கோட்ட இருக்குன்னு சொல்லு. வெள்ளக்காரன் கட்டனது. இதவிடப் பெருசு."

சொன்னேன். அதில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது என்று மரிசெல் ஆர்வமாகக் கேட்டாள். அதை அத்தைக்கு மொழிபெயர்த்தேன். அத்தை கடலைப் பார்த்துக்கொண்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்கு, கெளம்பலாம்" என்றார்.

அடுத்தது மெகல்லன் சிலுவை. எண்கோண மண்டபத்துக்குள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரச் சிலுவை. மரிசெல் கதை சொன்னாள். மெகல்லன் என்ற போர்ச்சுக்கீசியன், ஸ்பெயின் ராஜாவுக்காகக் கப்பலோட்டி வந்தான். இந்த ஊர் ராஜாவுக்கும் ராணிக்கும் ஞானஸ்நானம் செய்வித்தான். ராணிக்குக் குழந்தை ஏசுவின் சிலை ஒன்றைக் கொடுத்தான். பிறகு பக்கத்துத் தீவில் சண்டைக்குப் போய்ச் செத்தான்.

"போர்ச்சுக்கீசியன்னா நம்ம பரங்கிப்பேட்டைக்கு வந்தானே, அந்தப் பரங்கியா?"

"அவுங்க ஆளுதான் அத்த."

"நம்மூர்ல யாவாரம் பண்ணோமா போனோமான்னு இருந்திருக்கான். இங்க வந்து வம்பு பண்ணிருக்கான். குழந்தைய வாங்கி வச்சிக்கிட்டு ஆள அனுப்பி வச்சிட்டாங்க. கெட்டிக்காரங்க."

கடைசி வார்த்தையை மட்டும் மரிசெல்லுக்குச் சொன்னேன். அவள் நன்றி சொன்னாள்.

பழைய சிலுவையை மருந்துக்கென்று ஜனங்கள் சுரண்டிச் சுரண்டி எடுத்துப் போனதால், அதற்கு மேல் இன்னொரு மரத்தால் உறை போட்டு மூடிவிட்டார்களாம். நாம் பார்ப்பது உறை. அசல் உள்ளே இருக்கிறது.

"உள்ள இருக்குதுன்னு யாரு பாத்தா?"

யாரும் பார்த்ததில்லை, இருக்கிறது என்று நம்புகிறோம் என்றாள் மரிசெல். அத்தை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திரையை விலக்கித் தங்க வில்வமாலையையும் வெற்றுவெளியையும் காட்டுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு, அந்த இடத்தில் கேள்வி கேட்கும் உரிமை கொஞ்சம் குறைவு.

பக்கத்திலேயே குழந்தை ஏசுவின் பெரிய கோயில். அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். அங்கே யாரும் கழற்றுவதில்லை. காவலாளி ஓடிவந்து அநாதைச் செருப்பைச் சந்தேகத்தோடு பார்த்தார். மரிசெல் அவரிடம் ஏதோ சொல்லி, செருப்பை எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

"செருப்பத் தூக்குறா பாரு. ஐஸ் வக்கிறா" என்றார் அத்தை. பிறகு, "பையில சாப்பாடு எதாவது வச்சிருக்காளா கேளு, மேல பட்டுடப்போவுது" என்றும் கேட்டார்.

வரிசை நகர்ந்தது. கண்ணாடிக்குள் சின்னஞ்சிறு சிலை, தலையில் கிரீடம், சிவப்பு அங்கி. ஒவ்வொருவரும் கண்ணாடியைத் தொட்டு, கைக்குட்டையால் துடைத்து, அந்தக் கைக்குட்டையைக் குழந்தைகளின் தலையில் தடவினார்கள். உடைகளெல்லாம் ஜனங்கள் வேண்டிக்கொண்டு தைத்துக் கொடுப்பது, மாற்றி மாற்றி உடுத்துவார்கள் என்று மரிசெல் சொன்னாள். அத்தை கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றார். பின்னால் நின்றவர்கள் அவருடைய பக்தியைப் பார்த்து மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"வெல்வெட்டு நல்ல ரகம். சரிக வேலதான் சுமார்" என்றபடி நகர்ந்தார்.

ஜனவரித் திருவிழாவில் ஊர்வலம் போவது இந்தச் சிலை இல்லை, இதன் நகல்தான், இது பத்திரமாக உள்ளேயே இருக்கும் என்று மரிசெல் சொன்னபோது அத்தை நிமிர்ந்தார். "எங்க ஊர்ல மூலவரே எறங்கி வருவாரு. தேர்ல ஒக்காந்து வெயில்ல நாலு வீதியும் சுத்துவாரு. நகல் கிகலெல்லாம் கெடையாதுன்னு சொல்லு." சொன்னேன். மரிசெல் கண்களை அகல விரித்து, திருட்டுப் போகாதா என்று கேட்டாள். "எங்க சாமிய எடுத்துக்கிட்டு இவ எங்க போவா?" என்றார் அத்தை. ஆனாலும் அவள் கண்களை விரித்தது அவருக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும், மஞ்சள் சட்டையும் சிவப்புப் பாவாடையுமாகச் சில பெண்கள் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்பதோடு வேலை முடியவில்லை. வாங்கியவர் பெயரையும் வேண்டுதலையும் கேட்டுக்கொண்டு, மெழுகுவத்திகளைக் கையில் உயர்த்திப் பிடித்து, கோயில் பக்கம் பார்த்து, முன்னே இரண்டு அடி பின்னே ஒரு அடி என்று ஆடினார்கள். வேண்டிக்கொண்டவர் சும்மா நின்றால் போதும். அவருக்காக இவர்கள் ஆடிச் சொல்லிவிடுவார்கள்.

அத்தை நின்றுவிட்டார். கடல் தாண்டி எதற்காக வந்தாரோ, அது கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது.

"இதான் சத்யா. நம்ம பேரச் சொல்லி அவுங்க பண்றாங்க பாரு. அர்ச்சனதான் இது. வா."

தன் வயதுக்காரியாக ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார். தடித்த உடம்பு, வெற்றிலை போட்டது போன்ற சிவந்த உதடு. சிக்கல் ஒன்றுதான். அந்த அம்மாளுக்குச் செபு மொழி மட்டுமே தெரியும். அத்தை தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதை அவள் மொழியில் சொல்ல வேறொருத்தி வேண்டும். அந்த வேறொருத்தி, செருப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உதவி செய்யத் தயாராக முன்னால் வந்து நின்றாள். தன் கல்யாணம் நிற்க வேண்டும் என்று தன் வாயாலேயே மனு கொடுக்க.

மெழுகுவத்தி அம்மாள் கேட்டது இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. யாருக்கு, என்ன வேண்டுதல்?

"என்னான்னு வெளிய சொல்லணுமா?" அத்தை அதிர்ந்தார். "நம்மூர்ல பேரு, நட்சத்திரம், அவ்ளோதான். மிச்சம் நமக்கும் சாமிக்கும். தீட்சிதர் காதுல யாரு போட்டா?"

"இங்க சொல்லணுமாம் அத்த. அவுங்கதானே ஆடிச் சொல்றாங்க."

"மொதல்ல பேரச் சொல்லுவோம்." அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, கைகூப்பினார். நாற்பது வருஷமாகக் கனகசபையின் கீழே நின்று சொல்லிப் பழகிய குரல் வந்தது. "சபேசன். திருவாதிரை நட்சத்திரம். மிதுன ராசி."

நான் சொன்னேன். மரிசெல் சொன்னாள். அந்த அம்மாள் "சபேசன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அத்தை கண்ணைத் திறக்காமல், பக்கத்தில் நின்றவள் பக்கம் தலையை மட்டும் சாய்த்து, அதே குரலில் கேட்டார். "ஒனக்கு என்னம்மா நட்சத்திரம்?"

கேட்டதை மொழிபெயர்த்தேன். மரிசெல் விழித்தாள். எனக்கு நட்சத்திரம் கிடையாதே, நான் புனித அன்னம்மாள் திருநாளில் பிறந்தவள், அது போதுமா என்று கேட்டாள்.

"பரவால்ல. நட்சத்திரம் தெரியாதவுங்களுக்கு பேரச் சொல்லியே பண்ணலாம். பேரக் குடுக்கச் சொல்லு."

அவள் தன் பெயரைக் கொடுத்தாள். மெழுகுவத்திகளை உயர்த்திப் பிடித்து அந்த அம்மாள் ஆடத் தொடங்கினாள். முன்னே இரண்டு அடி, பின்னே ஒரு அடி. சபேசன், மரிசெல். சபேசன், மரிசெல். அப்போதுதான் அத்தை கண்ணைத் திறந்தார்.

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விலையைத் தவறாகச் சொல்லித் துணியைக் கிழித்தும் கொடுத்துவிட்ட கடைக்காரரின் முகம்.

ஆட்டம் நின்றது. அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே மீண்டும் கேட்டாள். இரண்டு பேருக்கும் என்ன வேண்டும்? மரிசெல் அதை எனக்குச் சொன்னாள். அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அத்தை விமான நிலையத்திலிருந்து காட்டிவந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அத்தை அந்த அம்மாளைப் பார்த்தார். மெழுகுவத்தியைப் பார்த்தார். என்னை முறைத்தார்.

"நல்லா இருக்கட்டும்னு சொல்லு."

"யாருன்னு கேப்பாங்க அத்த."

"ரெண்டு பேரு பேரு குடுத்தேன்ல? மூணாவது யாராவது நிக்கிறாங்களா?"

சொன்னேன். மரிசெல் அதைத் தன் மொழியில் சொல்லிவிட்டு, செருப்புப் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அம்மாள் இன்னொரு சுற்று ஆடினாள்.

திரும்பி வரும்போது, டாக்சியில் முன் இருக்கையில் மரிசெல் இருக்க, பின்னால் எனக்குப் பூசை நடந்தது.

"நட்சத்திரம் கேட்டா நீ அப்டியே சொல்லிடுவியா? ஊர்ல ஊமையா இருப்ப, இங்கதான் வாய் கிழியுது."

"நீங்கதான் கேட்டீங்க."

"பழக்கத்துல கேட்டேன். சன்னதில பக்கத்துல நிக்கிறவுங்க பேர வுட்டுட்டு மவன் பேர மட்டுமா சொல்லுவாங்க? மொறன்னு ஒண்ணு இல்ல?"

மாலையில், எங்களை விட்டுவிட்டுப் போன மரிசெல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சபேசன் போன் செய்தான். ஊர் பிடித்ததா என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "அப்புறம்... நீ என்னம்மா சொல்ற?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒரே அர்ச்சனைல ரெண்டு பேரு பேரையும் சேத்துக் குடுத்தாச்சு. இனிமே பிரிச்சா சாமி குத்தம். ஒங்க ஊர் சாமி சின்னப்புள்ள வேற, அதுகிட்ட போயி மாத்திப் பேச முடியாது."

மரிசெல் வீட்டார் டிசம்பர் கடைசி வாரத்துக்குச் சர்ச்சில் தேதி கேட்டிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னான்.

"மார்கழியிலயா?" அத்தை எழுந்தே நின்றுவிட்டார். விட்டுப்போன கோபம் முழுவதும் வந்து சேர்ந்தது. "மார்கழில எவன்டா கல்யாணம் பண்ணுவான்? தை பொறக்கட்டும்."

தையில்தான் குழந்தை ஏசுவின் திருவிழா, ஊரே தெருவில் ஆடும், ஒரு ஓட்டலிலும் அறை கிடைக்காது, கால் வைக்க இடமிருக்காது என்று அவன் கெஞ்சினான்.

"ஆனித் திருமஞ்சனத்துல தேருக்கு முன்னால நிக்கிறவ நான். என்கிட்ட கும்பலச் சொல்றான்" என்று அத்தை என்னிடம் சொன்னார். பிறகு போனில், "அந்தப் பொண்ணுகிட்ட குடு. இல்ல, வேணாம், சத்யா பேசுவா. தையிலதான்னு கறாரா சொல்லச் சொல்றேன்" என்று சொல்லி, போனை என் கையில் திணித்தார்.