தொங்கும் காதுகள்

1983 மே பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடத்துக்கு நானும் அண்ணனும் கொடைக்கானல் பஜாரிலிருந்த கேமராக் கடைக்குள் நுழைந்தோம். சீசன் கூட்டம். நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடையும் ஃபிலிம் கழுவும் மருந்தின் புளித்த நெடியும் சேர்ந்து குமட்டின.

அப்பா எழுத்தராக இருந்த பள்ளி அவருக்கு அப்போதுதான் வளாகத்துக்குள் வீடு ஒதுக்கியிருந்தது. அங்கே நாய் வளர்க்கக் கூடாது. மறுநாள் நண்பகல் எங்கள் நாயை ஆடலூர்க் காப்பித் தோட்டம் ஒன்றுக்கு ஜீப்பில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள், அது ஓடும்போது ஒரு படம் எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும் படம் எனக்கு வேண்டாம். அந்த நாய் உட்கார்ந்து நான் பார்த்ததே அரிது.

கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும். முதலாவது புதியது, கறுப்புப் பெட்டி. அதன் ஷட்டருக்கு ஒரே வேகம்தான். மற்றது ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விற்றுப் போனது. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து மூடும் ஷட்டர் அதில் இருந்தது. ஓடும் நாய்க்கு அந்த வேகம் வேண்டும் என்று கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். ஆனால் மலையின் ஈரத்தில் அதன் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து, சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தது. பார்க்கவே கூசியது.

"புதுசுல ஒரே வேகந்தானே இருக்கு? ஓடுற நாய் கலங்கித் தெரியாதா?" என்று கேட்டேன்.

"யாரு தங்கச்சி சொன்னா? இந்தா பாருங்க, இதே கேமராவுல எடுத்ததுதான்."

இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். நீண்ட காதுகள் உடைய வெள்ளை நாய் ஒன்று பூச்செடிகளுக்கு மேலே தாவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மயிரும் துல்லியம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தாவும் நாயின் காதுகள் பறக்கும். இதன் காதுகள் நேராகக் கீழே தொங்கின. வாலும் அப்படியே. வயிற்று மயிர் ஒரு கோடாக அமுங்கியிருந்தது.

"அண்ணே, இந்த நாய் தாவலை. தொங்குது."

அவர் வெட்கப்படவில்லை. மகிழ்ந்தார்.

"அட, காலேஜுப் பாப்பா கண்டுபிடிச்சிருச்சே! கறுப்பு நூலை வயித்துல நாலு சுத்துச் சுத்தி மரக்கெளையில தூக்கிக் கட்டிருவோம். அப்பறம் நெகட்டிவ்ல மை வச்சு நூலை மறைச்சிர்றது."

"கத்தாதா?"

"செத்த நேரம் கத்தும். பெறகு அதுவே அடங்கிரும். ஏரிக்கரைக் குதிரைக்கும் இதே வேலைதாங்க. முன்னங்கால மடக்கிக் கட்டிட்டா நாலுகால் பாய்ச்சல்ல போற மாதிரியே இருக்கும். மேல ஒக்காந்திருக்கவருக்கு நெசமாவே ஓடுனா உசுரு போயிரும்ல?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "ஏ புள்ள, நமக்குப் படந்தானே வேணும்? நம்ம நாயையும் கட்டிவிட்டா வெரசா சோலி முடிஞ்சிரும்."

"காலைல வெள்ளனே கூட்டியாங்க," என்றார் கடைக்காரர். "பத்து நிமிசம்."

அவருடைய விரல் நகங்களில் மை கறுத்திருந்தது. அந்த விரல்கள் எங்கள் நாயின் வயிற்றில் நூல் சுற்றுவதை நினைத்ததும் கசந்தது. அண்ணனின் சிரிப்பு அதைவிடக் கசந்தது. அந்த நாயை ஆறு வருடமாகத் தோளில் தூக்கித் திரிந்தவன் அவன். ஆனால் எல்லாவற்றையும்விட என்னை அருவருக்க வைத்தது வேறு. ஒரு கணம், துல்லியமான படம் ஒன்று உறுதியாகக் கிடைக்குமே என்று எனக்கும் தோன்றியிருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

பூஞ்சை பிடித்த கேமராவைக் காட்டினேன்.

"அதுல எல்லாம் மேகம் போட்டாப்புல விழும். பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

வீடு வரை அண்ணனுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். படலைத் திறந்ததும் நாய் பாய்ந்து வந்து அவன் கையைத்தான் முதலில் நக்கியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஞாயிறு பூசைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. பள்ளி மைதானத்தில் பனி விலகி வெயில் விழும்வரை காத்திருந்தேன். பத்துக் காலடி அளந்து ஒரு கல்லை வைத்து, அந்தத் தூரத்துக்கு லென்ஸைத் திருப்பிக்கொண்டேன். அழைக்காமலே அண்ணன் வந்து நின்றான்.

"அந்தக் கோடியில புடிச்சு நில்லு. கயிறு வேண்டாம்," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போனான். நான் கூப்பிட்டேன்; அவன் விட்டான். கல்லைக் கடக்கும்போதெல்லாம் அழுத்தினேன். பன்னிரண்டாவது படத்தோடு ஃபிலிம் தீர்ந்தது. நாய்க்கு அது தெரியாது. மறுபடியும் அண்ணனிடம் ஓடி, அங்கிருந்து திரும்பி என்னை நோக்கி வந்தது. நான் கேமராவை உறைக்குள் போட்டுவிட்டு, நின்று பார்த்தேன்.