மஞ்சள் நாற்காலிக்கு ஒரு காரணம்

நானும் என் மனைவியும் கடைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுக்க எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. தேஹு ரோடு ராணுவத் தளவாட டிப்போவில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசம். கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் டிப்போ வாடகைக்குத் தந்தவை. அடியில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே ஒரு வாடகை வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு காலம் தள்ளினோம். சொந்த வீடு வரட்டும், வாங்கலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன வருடம் விமான் நகரில், மகள் குடியிருக்கும் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில், இரண்டு அறை பிளாட் ஒன்றை வாங்கினோம்.

டிப்போவில் என் வேலை இண்டென்ட் பார்ப்பது. ஒரு பிரிவுக்கு ஏதாவது பொருள் வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும். எதற்காக வேண்டும் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் போதாது என்று தோன்றினால் திருப்பி அனுப்பிவிடுவேன். கறாரான ஆள் என்று பெயர் வாங்கினேன். அந்தக் கறாரை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தேன். திரைச்சீலை வேண்டும் என்பாள். எதற்கு என்பேன். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கிறது என்பாள். வாங்கிவிடுவேன். பூப்போட்டதாக வேண்டும் என்றால், பூ எதற்கு என்று கேட்பேன். சாம்பல் நிறத்தில் வாங்கி மாட்டுவோம். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அதனால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நம்பியிருந்தேன்.

மகள் எங்களை அழைத்துப்போனது மூன்று மாடி ஃபர்னிச்சர் கடை. உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு மூலையும் யாரோ குடியிருக்கும் வீடு மாதிரி அமைத்திருந்தார்கள். படுக்கை விரித்திருந்தது, சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள் இருந்தது. ஒரு கம்பளத்தின் ஓரத்தில் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். விற்பனையாளர் ஓடிவந்து, "அரே அங்கிள், சப்பல் போட்டுக்குங்க" என்று இந்தியில் கெஞ்சினார். மகள் சிரித்தாள்.

"டாடி, இது பெய்ஜ், அது ஐவரி, அந்தப் பக்கம் ஆஃப் ஒயிட். எது?"

"மூணும் வெள்ளைதானே?"

"வெள்ளை இல்ல டாடி! தியான்சே பாருங்க."

கவனமாகத்தான் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. கால் நீட்டும் சோபா, மூலைக்கு மடங்கும் சோபா, இரவில் கட்டிலாக விரியும் சோபா என்று விற்பனையாளர் காட்டிக்கொண்டே போனார். நமக்கு எது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் நன்றாயிருக்குமே என்றிருந்தது.

அப்போதுதான் மனைவியைக் காணோம் என்று கவனித்தேன். சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் அதன் கைப்பிடிகள் மேல் வைத்திருந்தாள்.

"என்னங்க, இது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"உக்காரத்தான்."

"உக்கார சோபா வாங்குதோம்லா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். காரணம் தேடினாள் என்று இப்போது புரிகிறது. "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று எழுந்துவிட்டாள். மகள் பெய்ஜ் சோபாவையே முடிவு செய்து பில் போடும் இடத்துக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் ஒருவேளை அன்றே வாங்கியிருப்போம்.

பெய்ஜ் சோபா வந்தது. மனைவி அதில் உட்காரவில்லை. பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோபமா என்று கேட்டேன். "கோவம் என்னத்துக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லைதான். ஒரு வாரம் கழித்து, அம்மாவிடம் பேச்சுக்கொடுத்து விஷயத்தை அறிந்த மகள் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"மம்மி லைஃப்ல ஃபர்ஸ்ட் டைம் ஒரு சேர் கேட்டாங்க. நீங்க இன்டர்வியூ எடுத்தீங்களா?"

அன்று மாலையே தனியாக ஆட்டோ பிடித்து அந்தக் கடைக்குப் போனேன். அவளுக்குத் தெரியாமல் வாங்கிவந்து வீட்டில் வைத்துவிட வேண்டும் என்று ஆசை. மஞ்சள் நாற்காலி என்றேன். விற்பனையாளர் மூன்றைக் காட்டினார். ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று கடுகு அரைத்த மாதிரி, மற்றது ஏறக்குறைய ஆரஞ்சு. ஒன்றுக்கு உயரமான முதுகு; ஒன்றுக்கு மரக் கால்.

"எது அங்கிள்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்தபோது நான் அவள் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டேனே தவிர, நாற்காலியைப் பார்க்கவேயில்லை. மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் ஏதாவது தெரியும் என்று ஏன் நினைத்தேனோ. வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் அவளையே அழைத்துப்போனேன். போகும் வழியில் சொல்லிவிட்டேன்: "நான் செஞ்சது தப்பு. இத்தனை வருஷமும் தப்பு. உனக்குப் பிடிச்சதை எடு. காரணம் வேண்டாம்." அவள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சரி" என்றாள்.

கடையில் மூன்று மஞ்சளும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டாள். எதிலும் உட்காரவில்லை.

"அன்னைக்கு எதுல உக்காந்த?"

"ஞாபகம் இல்லங்க. மஞ்சள்னா அழுக்கு தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"துடைக்கப்போறது யாரு?"

பிறகு அவளாக ஒரு பழுப்பு நாற்காலி முன்னால் போய் நின்றாள். "இது உயரமா இருக்கு. எனக்கு முட்டிக்கு நல்லது. துணியைக் கழட்டித் துவைக்கலாமாம். உங்களுக்கும் எந்திரிக்கச் சௌகரியம்." நான் கேட்காமலே வரிசையாகச் சொன்னாள், குறை சொல்ல முடியாத காரணங்களாக. டிப்போவில் என் மேசைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"காரணம் வேண்டாம்னு சொன்னேனே. பிடிச்சிருக்கா, அதை மட்டும் சொல்லு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பாராத ஒரு திகைப்பு. "காரணம் இல்லாம எப்படிங்க எடுக்கது?" என்றாள். என்னைக் குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அப்போதும் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை.

பழுப்பு நாற்காலி வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. தினமும் அதில்தான் உட்காருகிறாள். நேற்று துணிந்து கேட்டேன், அது அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று. கைப்பிடியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா உழைக்கும்" என்றாள்.